பாதி தணிக்கை செய்த மரம்

ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கையாளர் பார்த்து முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வவுச்சரிலும் டிக், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஆள் வந்து இரண்டு பக்கங்களைப் பிரித்தெடுத்து, வேறு கிளையின் புத்தகத்தில் வைத்துத் தைக்கிறார். இடையில் தானே எழுதிய, முத்திரையே இல்லாத ஒரு பக்கத்தையும் செருகுகிறார். அடுத்து வருகிறவர் மேல் பக்கத்து முத்திரையைப் பார்க்கிறார். "இதெல்லாம் பார்த்தாச்சு" என்று தாண்டிப் போய்விடுகிறார். வருஷக் கடைசியில் இருப்பாய்வு பொருந்தவில்லை. தப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்காலா என்ற கம்ப்யூட்டர் மொழியில் மேக்ரோ எழுதியவர்கள் பல வருஷம் பட்ட பாடு கிட்டத்தட்ட இதுதான். பி.காம். படிக்கிறவர்கள் கம்ப்யூட்டர் என்றதும் ஓடிவிட வேண்டாம். வவுச்சர், முத்திரை, கிளை... இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மீதி தானாகப் புரியும் :)

முதலில், மேக்ரோ என்றால் என்ன?

சாதாரண நிரலை நிரலாளர் எழுதுகிறார். கம்பைலர் அதைச் சரிபார்த்து, கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அதற்கப்புறம் யாராவது ஓட்டும்போதுதான் வேலை நடக்கிறது. மேக்ரோ மட்டும் அவசரக்காரன். கம்பைலர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஓடிவிடும். அதன் கையில் கிடைப்பது எண்ணோ எழுத்தோ அல்ல, நிரலின் ஒரு துண்டு. அது திருப்பிக் கொடுப்பதும் நிரலின் ஒரு துண்டு. நிரல் எழுதுகிற நிரல் என்று சொல்லலாம்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. லிஸ்ப் மொழிக்கு மேக்ரோ வேண்டும் என்று எம்.ஐ.டி.யில் டிமதி ஹார்ட் குறிப்பு எழுதியது 1963-இல். ஸ்காலாவுக்கு வந்தது ஐம்பது வருஷம் கழித்து. சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்து ஈ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஒடெர்ஸ்கி உருவாக்கிய மொழி ஸ்காலா. அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூஜின் புர்மாகோ மேக்ரோ வேலையை எடுத்துச் செய்தார். 2013 ஜனவரியில் வெளிவந்த 2.10 பதிப்பில், "இது சோதனை முயற்சி" என்ற பட்டையோடு மேக்ரோ நுழைந்தது.

இதனால் என்ன லாபம்? இரண்டு உதாரணம்.

ஸ்காலாவில் எஃப் என்ற எழுத்தை முன்னால் போட்டு ஒரு வாக்கியம் எழுதி, நடுவில் "இங்கே ஒரு முழு எண் வரும்" என்று குறிக்கலாம். அந்த இடத்தில் ஆள் பெயரைப் போட்டால் நிரல் ஓடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, கம்பைலரே பிடித்துவிடும். அந்தக் காவல்காரன் ஒரு மேக்ரோ.

இன்னொன்று ஸ்காலாடெஸ்ட் என்ற சோதனை நூலகம். "அசலும் வட்டியும் சேர்ந்தால் கூட்டுத்தொகைக்குச் சமம்" என்று ஒரு சோதனை எழுதி அது தோற்றால், வெறுமனே "தவறு" என்று சொல்லாமல் இந்தப் பக்கம் என்ன எண், அந்தப் பக்கம் என்ன எண் என்று பிரித்துக் காட்டும். சோதனை வாக்கியத்தையே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க முடிவதால்தான் அது நடக்கிறது. சாதாரண நிரலால் முடியாத காரியம்.

மரமும் முத்திரையும்

நிரலைப் படித்தவுடன் கம்பைலர் அதை ஒரு மரமாக மாற்றிக்கொள்கிறது. "அசல் + வட்டி" என்று எழுதினால், மேலே "கூட்டு" என்று ஒரு கணு, அதற்குக் கீழே அசல் ஒரு கிளைக்கணு, வட்டி ஒரு கிளைக்கணு. இந்த நிலையில் அசல் என்பது வெறும் பெயர். எந்த அசல், யார் அறிவித்தது, எண்ணா எழுத்தா, எதுவும் தெரியாது. வவுச்சர் எழுதியாச்சு, யாரும் பார்க்கவில்லை என்கிற நிலை.

அடுத்து வருகிறது டைப் சோதனை. இதுதான் தணிக்கை. கம்பைலர் ஒவ்வொரு கணுவாகப் போய் இரண்டு முத்திரை குத்துகிறது.

முதல் முத்திரை டைப். இது முழு எண், இது எழுத்துக்கோவை, இது பட்டியல் என்று.

இரண்டாவது சிம்பல். "இங்கே சொல்லப்படும் அசல், அங்கே அந்த இடத்தில் அறிவிக்கப்பட்ட அதே அசல்தான்" என்கிற அடையாளம். ஒவ்வொரு சிம்பலுக்கும் ஒரு ஓனர் உண்டு. எந்தச் செயற்கூறுக்குள் அது பிறந்ததோ அதுதான் ஓனர். வவுச்சரில் "எந்தக் கிளை" என்று போடுகிற மாதிரி.

தணிக்கையாளர் முத்திரை குத்துவதோடு நிற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிரலாளர் விட்டுவைத்ததை எல்லாம் அவரே நிரப்புகிறார். ஒன்று முதல் பத்து வரை என்பதை ஸ்காலாவில் மூன்று சொல்லில் எழுதலாம். சோதனை முடிந்து பார்த்தால், அந்த ஒன்று என்ற எண்ணைச் சுற்றி ஒரு மாற்றுச் செயற்கூறு வந்து உட்கார்ந்திருக்கும். எழுதாத டைப்புகள் எழுதப்பட்டிருக்கும், கொடுக்காத மறைமுக மதிப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும். ஆக, சோதனைக்கு முன் இருந்த மரமும் பின் இருக்கும் மரமும் ஒன்றல்ல. இது பின்னால் பெரிய வினையாக வரப்போகிறது.

சிக்கல் எங்கே?

ஸ்காலா 2-இன் வழக்கமான மேக்ரோவுக்கு வரும் மரம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டது. அதாவது முத்திரை குத்தியது. இது பெரிய வசதி. "எனக்கு வந்திருப்பது முழு எண்ணா, பட்டியலா?" என்று மேக்ரோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மேக்ரோ தன் பங்குக்குப் புதிதாக எழுதும் கணுக்களுக்கு முத்திரை இல்லை. இரண்டையும் கலந்து ஒரே மரமாகத் திருப்பித் தருகிறது. கம்பைலர் அந்தக் கலவையை மறுபடியும் டைப் சோதனைக்கு அனுப்புகிறது.

கம்பைலருக்கு ஒரு பழக்கம். ஒரு கணுவில் டைப் முத்திரை இருந்தால் "இது ஆச்சு" என்று அதன் உள்ளே இறங்காமல் போய்விடும். வேலை மிச்சம், நேரம் மிச்சம். இங்கிருந்துதான் இரண்டு விதமான விபத்துகள் கிளம்புகின்றன.

விபத்து ஒன்று: முத்திரை உள்ள கணுவுக்குள்ளே முத்திரை இல்லாத கணுவைச் செருகுவது. மேக்ரோ எழுதுகிறவர் வந்த மரத்தின் நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் மாற்றுகிறார். மேலே உள்ள கணுவில் பழைய முத்திரை அப்படியே இருக்கிறது. கம்பைலர் உள்ளே இறங்கவே இல்லை. டைப் இல்லாத கணு, எல்லாக் காவலையும் தாண்டிக் கடைசிக் கட்டம் வரை போய், அங்கே கம்பைலரையே கவிழ்த்துவிடுகிறது.

விபத்து இரண்டு இன்னும் நுட்பமானது. கிளை மாறிப்போன வவுச்சர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒருவர் ஒரு மேக்ரோ எழுதுகிறார். தன்னிடம் தரும் நிரல் துண்டை உடனே ஓட்டாமல், ஒரு பெயரில்லாச் செயற்கூறுக்குள் மடித்து வைத்துப் பிறகு ஓட்டுவது அதன் வேலை. அவரே சோதித்துப் பார்க்கிறார். "அசல் + 5" என்று கொடுக்கிறார், ஓடுகிறது. பட்டியலின் நீளத்தைக் கேட்கிறார், அதுவும் ஓடுகிறது. திருப்தியாக ஊருக்கே வெளியிட்டுவிடுகிறார்.

அதை எடுத்துப் பயன்படுத்துகிற இன்னொருவர், கொடுக்கும் துண்டுக்குள்ளேயே ஒரு புது மாறியை அறிவிக்கிறார். வட்டி என்பது அசலில் 8 சதவீதம், அந்த வட்டியையும் அசலையும் கூட்டு என்கிறார். நியாயமான நிரல்தான். கம்பைலர் கவிழ்கிறது. அவர் எழுதாத ஏதோ ஒன்றைப் பற்றி, அவர் கேள்வியே படாத ஒரு கட்டத்திலிருந்து, "வட்டி என்ற மாறிக்கு ப்ராக்ஸி கிடைக்கவில்லை" என்கிற பொருளில் ஒரு பிழைச் செய்தி வருகிறது.

என்ன நடந்தது? வட்டி அறிவிக்கப்பட்டபோது அது 'கணக்கிடு' என்ற செயற்கூறுக்குள் இருந்தது. ஆகவே முத்திரையில் ஓனர்: கணக்கிடு. மேக்ரோ அதை எடுத்துப் பெயரில்லாச் செயற்கூறுக்குள் வைத்துவிட்டது. இப்போது அது வசிப்பது ஒரு வீடு, ரேஷன் கார்டில் இருப்பது வேறு வீடு. டைப் சோதனை இதைக் கண்டுகொள்வதில்லை, முத்திரைதான் இருக்கிறதே. பல கட்டம் தாண்டி லாம்ப்டாலிஃப்ட் என்று ஒரு கட்டம் வரும். உள்ளே இருக்கும் செயற்கூறுகளை வெளியே தூக்கி வைப்பது அதன் வேலை. தூக்குவதற்கு முன், இந்தச் செயற்கூறு வெளியிலிருந்து எந்தெந்த மாறிகளைக் கடன் வாங்கியிருக்கிறது என்று பார்க்கும். வட்டியின் முத்திரையைப் பார்த்து "ஓ, இது வெளி ஆள்" என்று முடிவு செய்து வெளியே தேடுகிறது. வெளியே அப்படி ஒருவரும் இல்லை. கதை முடிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், "அசல் + 5" என்ற துண்டில் புது அறிவிப்பு எதுவும் இல்லை. அதனால் ஓனர் பிரச்சினையும் இல்லை. மேக்ரோ எழுதியவர் பார்த்த எளிய உதாரணங்கள் எல்லாம் ஓடிவிடும். கொஞ்சம் பெரிதாக எழுதுகிற பயனர் கையில்தான் வெடிக்கும். எழுதியவர் வேறு, அடிபடுகிறவர் வேறு. அடிபட்டவருக்கு எந்த வரியில் தப்பு என்பதும் தெரியாது, தப்பு தன்னுடையதா என்பதும் தெரியாது.

அழித்துவிட்டு மறுபடி தணிக்கை?

உடனே தோன்றும் வைத்தியம் இதுதான். எல்லா முத்திரையையும் அழித்துவிட்டு, மரம் முழுவதையும் புதிதாகச் சோதிக்கச் சொல்வது. ஸ்காலா 2.10-இல் இதற்கு இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று எல்லாச் சிம்பலையும் அழிக்கும். இன்னொன்று அந்தத் துண்டுக்குள் பிறந்த சிம்பல்களை மட்டும் அழிக்கும்.

முதல் கருவி ஏன் ஆபத்து? பயனர் தன் செயற்கூறில் வரி என்று ஒரு மாறி வைத்திருக்கிறார். அதை மேக்ரோவுக்குத் தரும் துண்டில் பயன்படுத்துகிறார். தற்செயலாக மேக்ரோ எழுதியவரும் தன் வேலைக்கு வரி என்று ஒரு மாறியை அதைச் சுற்றி வைத்திருக்கிறார். முத்திரை இருந்தவரை குழப்பம் இல்லை, பயனரின் வரி பயனருடையது என்று அதிலேயே எழுதியிருந்தது. எல்லாவற்றையும் அழித்தாயிற்று. இப்போது மறுசோதனையில் வரி என்றால் யார்? அருகில் இருப்பவர்தான். மேக்ரோவின் வரி. இரண்டும் எண்ணாக இருந்துவிட்டால் டைப் சோதனையும் தலையாட்டிவிடும். கம்பைலர் கவிழாது. பிழைச் செய்தி வராது. தொகை மட்டும் தப்பாக வரும். கவிழ்கிற கம்பைலர் தேவலை என்று தோன்றுகிறதா இல்லையா? :(

இந்தப் பெயர்க் குழப்பம் மேக்ரோ உலகத்தில் பழைய வியாதி. கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெலைசன், டூபா என்ற நால்வர் 1986-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குச் "சுகாதாரமான மேக்ரோ" என்று மருந்து சொன்னது. மேக்ரோ கொண்டுவரும் பெயரும் பயனரின் பெயரும் ஒன்றையொன்று தொற்றிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம்.

இரண்டாவது கருவி இதைவிடப் பத்திரம். வெளியே பிறந்த சிம்பல்களைத் தொடாது. 2014-இல் வந்த 2.11 பதிப்பில் முதல் கருவியை எடுத்தே விட்டார்கள். இரண்டாவதற்கு "அன்டைப்செக்" என்று பெயர் மாற்றினார்கள். அப்படியும் பிரச்சினை முழுவதும் தீரவில்லை. காரணம் மேலே சொன்னதுதான். சோதனை முடிந்த மரம் மூல மரம் அல்ல.

பட்டியலையோ ஜோடியையோ பிரித்துப் பார்க்கும் மாதிரிப் பொருத்தம் ஸ்காலாவில் அடிக்கடி வரும். அதில் நிரலாளர் தானே எழுதிய பிரிப்பான் இருந்தால், முதல் சோதனையில் கம்பைலர் அந்த இடத்தில் ஒரு செயற்கூறு அழைப்பை எழுதி, உள்ளே "இங்கே மதிப்பு வரும்" என்று ஒரு பொம்மைப் பெயரை வைத்துவிடும். முத்திரையை அழித்து மறுபடி சோதிக்கும்போது அந்தப் பொம்மைப் பெயருக்கு அர்த்தம் கிடையாது. அப்படி ஒரு பெயரை யாரும் அறிவிக்கவில்லையே! கேஸ் கிளாஸ் என்ற வகையை அந்தத் துண்டுக்குள் அறிவித்தாலும் இதே மாதிரி உதை. கம்பைலர் முதல் முறை தானாக எழுதிச் சேர்த்தவை மரத்திலேயே இருக்க, இரண்டாம் முறை அதையே எழுதப் போய் மோதிக்கொள்கிறது.

கணக்குக்காரர்களுக்குச் சொல்வதானால், தணிக்கையாளர் சரியீட்டுப் பதிவுகளையும் போட்டுவிட்டுப் போன புத்தகம் இது. டிக்குகளை மட்டும் அழித்துவிட்டு, "இன்னும் தணிக்கையே ஆகாத புத்தகம்" என்று அடுத்தவரிடம் கொடுத்தால், தேய்மானத்தை அவர் இன்னொரு தடவை போடுவார்.

ஆக என்னதான் செய்வது?

வருஷக்கணக்கில் அடிபட்டவர்கள் கண்டுகொண்ட வழிகள் சில உண்டு.

1. மேக்ரோவை மெலிசாக வைப்பது. வந்த துண்டை மேக்ரோவே பிரித்து மடிக்காமல், ஒரு சாதாரண நூலகச் செயற்கூறுக்குப் பெயர்வழி அளவுருவாகக் கொடுத்துவிடுவது. அதாவது தேவைப்படும்போது மட்டும் கணக்கிடப்படும் அளவுரு. அப்போது துண்டைச் செயற்கூறாக மடிக்கும் வேலையைக் கம்பைலரே பின்னால் செய்யும். மடிக்கும்போது ஓனரையும் அதுவே மாற்றிக்கொள்ளும். முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும்.

2. கட்டாயம் இடம் மாற்ற வேண்டும் என்றால், முத்திரையை அழிக்காமல் திருத்துவது. 2.11-இல் ஓனரை மாற்றும் கருவி மேக்ரோ எழுதுகிறவர்கள் கைக்கு வந்தது. புதுச் செயற்கூறை முதலில் சோதனைக்கு அனுப்பி அதற்கு ஒரு சிம்பல் வாங்கிக்கொண்டு, பிறகு பழைய துண்டில் "ஓனர்: கணக்கிடு" என்று உள்ள இடத்தில் எல்லாம் புதியவரின் பெயரைப் போடுவது. வேலை ஜாஸ்தி. ஆனால் கம்பைலர் தானே செய்வதும் இதைத்தான்.

3. முத்திரை உள்ள மரத்தின் நடுவில் கை வைத்தால், வைத்த இடத்திலிருந்து மேலே உச்சி வரைக்கும் முத்திரை செல்லாது என்று வைத்துக்கொள்வது. மாற்றிக்கொண்டே சோதித்துக்கொண்டே போகும் கருவியும் 2.11-இல் உண்டு.

4. அன்டைப்செக் கடைசி ஆயுதம். எடுத்தால் பாதி மரத்துக்கு எடுக்கக் கூடாது, திருப்பித் தரும் முழு மரத்துக்கும் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு உள்ளே புது மாறி, பெயரில்லாச் செயற்கூறு, பிரிப்பான், கேஸ் கிளாஸ் என்று நான்கையும் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். "அசல் + 5" போதாது.

5. மேக்ரோ தன் மாறிகளுக்குக் கம்பைலரிடமே புதுப் பெயர் கேட்டு வாங்குவது. நூலகப் பெயர்களை வேரிலிருந்து முழு முகவரியோடு எழுதுவது. பட்டியல் என்று மொட்டையாக எழுதினால், பயனர் அதே பெயரில் ஒன்று வைத்திருக்கும் நாளில் மாட்டிக்கொள்ளும்.

6. சந்தேகம் வந்தால் மரத்தை அழகாக அச்சிட்டுப் பார்க்காமல் கச்சாவாக அச்சிட்டுப் பார்ப்பது. அழகான அச்சில் இரண்டு வட்டியும் ஒன்றுபோலவே தெரியும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன?

ரஸ்ட் மொழி இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. அதன் மேக்ரோக்களுக்குக் கிடைப்பது டைப் சோதனைக்கு முந்தைய சொற்களின் வரிசை. முத்திரையே இல்லை, அதனால் கலப்படமும் இல்லை. ஆனால் "எனக்கு வந்தது எண்ணா எழுத்தா?" என்று அந்த மேக்ரோவால் கேட்கவும் முடியாது. நிம் மொழி ஒவ்வொரு அளவுருவுக்கும் "சோதித்தது வேண்டுமா, சோதிக்காதது வேண்டுமா" என்று எழுதுகிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சும்மா எதுவும் கிடைப்பதில்லை. டைப் தெரிய வேண்டும் என்றால் முத்திரையின் பொறுப்பையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும்.

ஸ்காலாவிலேயே அசின்க் நூலகத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. வரிசையாக எழுதிய நிரலை, காத்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் வெட்டி, துண்டுகளை ஒரு புது வகுப்புக்குள் அடுக்குவது அதன் வேலை. அதாவது மேலே சொன்ன இடமாற்றத்தை வெறித்தனமாகச் செய்வது. மேக்ரோவாகப் பல வருஷம் ஓடிய அந்த வேலையை 2020-இல், 2.12.12 மற்றும் 2.13.3 பதிப்புகளில், கம்பைலருக்குள்ளேயே ஒரு கட்டமாகக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே வாசலில் மட்டும் ஒரு சின்ன மேக்ரோ மிச்சம். சில வேலைகள் தணிக்கையாளரின் மேஜையில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

ஸ்காலா 3-இன் முடிவு

2021 மே மாதம் ஸ்காலா 3.0 வந்தது. பழைய மேக்ரோவை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றவில்லை, தூக்கியே போட்டுவிட்டார்கள். புதிய முறையில் மேக்ரோவின் கையில் சோதிக்காத மரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எழுதுகிறவர் நிரலை மேற்கோள் குறிக்குள் வைத்தது போல எழுதுகிறார், நடுவில் காலி இடம் விடுகிறார். அந்தக் காலி இடத்துக்கும் டைப் உண்டு. முழு எண் தரும் துண்டு மட்டுமே அங்கே உட்காரும். அச்சடித்த படிவம் போல. தேதி கட்டத்தில் தேதி, தொகை கட்டத்தில் தொகை. படிவத்தின் சரிதவறு மேக்ரோவை எழுதும்போதே பார்க்கப்படுகிறது, பயனர் கையில் வெடிக்கும் வரை காத்திருப்பதில்லை. துண்டை இடம் மாற்றும்போது ஓனரைச் சரிசெய்வதும் அந்த முறையே பார்த்துக்கொள்கிறது.

படிவத்துக்குள் அடங்காத வேலைக்கு மரத்தை நேரடியாகத் தொடும் வழியும் வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் பழைய ஓனர் தலைவலி அப்படியே காத்திருக்கிறது. ஆனால் மேக்ரோ தரும் மரத்தைக் கூடுதலாகச் சோதிக்கச் சொல்லும் ஒரு கம்பைலர் விருப்பமும் கூடவே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஓட்டினால், லாம்ப்டாலிஃப்ட் வரை போய் விழுவதற்கு முன்பே "இந்த வவுச்சர் இந்தக் கிளையுடையது அல்ல" என்று தெரிந்துவிடும்.

விலை? பழைய மேக்ரோவை நம்பியிருந்த நூலகங்கள் அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. "சோதனை முயற்சி" என்ற பட்டை 2013 முதலே அங்கேதான் ஒட்டியிருந்தது. ஆனால் உபயோகமான பொருளில் ஒட்டிய பட்டையை யார் படிக்கிறார்கள்? சோதனை நூலகம் முதல் தரவு மாற்றும் நூலகம் வரை எல்லாரும் அதன் மேல் வீடு கட்டிவிட்டார்கள். இரண்டு ஸ்காலாவுக்கும் சேர்த்து நூலகம் தருகிறவர்கள் அந்தப் பகுதியை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மேக்ரோவை மெலிசாக வைத்து, உண்மையான வேலையைச் சாதாரணச் செயற்கூறுகளில் விட்டிருந்தவர்களுக்கு வேலை குறைவு. எல்லாவற்றையும் மரத்துக்குள்ளேயே செய்தவர்களுக்கு ஏறக்குறைய முதலிலிருந்து.

மேக்ரோ எழுதப் போகிறவர்கள் முதல் வரி எழுதும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும். கைக்கு வரும் துண்டு திரும்பிப் போகும்போதும் அதே இடத்தில்தான் இருக்கப்போகிறதா? ஆம் என்றால் தைரியமாக எழுதலாம். இல்லை என்றால், ஓனரை மாற்றும் வரியையும், துண்டுக்குள் ஒரு புது மாறியை அறிவித்துப் பார்க்கும் சோதனையையும் முதலில் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது. பயனர் எப்படியும் அந்த மாறியை அறிவிக்கத்தான் போகிறார் :)